மயில்துத்தத்தில் செழித்த பாசி

மயில்துத்தம் பாசியைக் கொன்றுவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. திண்டிவனத்தில் நான் அறிவியல் ஆசிரியையாக இருந்த பெண்கள் பள்ளியில், கோடை வந்தால் தண்ணீர்த் தொட்டி பச்சைப் பசேலென்று ஆகிவிடும். ஒரு துணியில் கொஞ்சம் துத்தத்தை முடிந்து, கயிறு கட்டி, தொட்டிக்குள் நாலு சுற்று இழுத்துவிட்டு எடுத்துவிடுவோம். சில நாளில் தொட்டியின் அடி தெரிய ஆரம்பிக்கும். என் பிறந்த வீடு கெடாரில். அங்கே மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையின் இலையில் புள்ளி விழுந்தால் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்துதான் தெளிப்பார்கள். துத்தம் என்பது செம்பின் உப்பு, செம்பு பூஞ்சைக்கும் ஆகாது, பாசிக்கும் ஆகாது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு எத்தனையோ வகுப்புக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம், என் நாத்தனார் விழுப்புரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் கணவருக்கு ஒரே தங்கை. பொம்மையார்பாளையத்துப் பக்கம், கடலை ஒட்டிச் சவுக்குத் தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். தோப்பு அவள் புருஷனுடையது. ஆடுகள் அவளுடையவை. பிள்ளை இல்லாதவள், தன் செம்மறிகளிடம் பேசிக்கொண்டே இருப்பாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, ரெண்டு ஆடு பூடுச்சு. மூணாவதும் நிக்க மாட்டேங்குது."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் புரியல. கண்ணு மஞ்சளாவுது. மூத்திரம் கடுங்காப்பியாட்டம் போவுது. அப்பிடியே படுத்துக்கினு பல்லைக் கடிக்குது. டாக்டரு வந்து பாத்தாரு. ஈரல் கெட்டுப்போச்சாம். செம்பு உள்ள போனா செம்மறிக்கு இப்பிடி ஆவும், மருந்தடிச்ச மல்லாட்டைக் கொடியைத் தின்னுச்சான்னு கேட்டாரு. நாங்க எங்க மல்லாட்டை வச்சோம்?"

"வேற என்ன தின்னுது?"

"இந்த வெய்யில்ல புல்லு ஏது? கடலோரத்துல கல்லு மேல பாசி மொளைச்சிக் கெடக்குது. உப்புக்கு ஆசைப்பட்டு அதைத்தான் கொறிச்சிக்கினு இருக்குதுங்க. வேற எதையும் நான் காட்டல."

என் கணவர் ரயில்வேயில் என்ஜின் ஷெட் ஆபீசில் வேலை பார்த்தார். அப்போதுதான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர், நின்று கேட்டார்.

"உங்க தோப்புக்கு வடக்கால ஒரு துத்தக் கம்பெனி வந்திருக்குதுன்னு சொன்ன இல்ல?"

"ஆமாண்ணே. அதுக்கும் ஆட்டுக்கும் இன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியது நான் என்பது போல. கம்பெனித் தண்ணீரில் செம்பு இருந்தால் பாசி செத்திருக்க வேண்டும். பாசி உயிரோடு இருந்தால் தண்ணீரில் செம்பு இல்லை. செம்பு இல்லாத பாசியைத் தின்ற ஆட்டுக்குச் செம்பு எங்கிருந்து வந்தது? எந்தப் பக்கம் போனாலும் சுவரில் முட்டியது.

"நான் வந்து பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

பள்ளி விடுமுறை விட்டிருந்தது. மறுநாள் காலையில் அவளோடு பஸ் ஏறினேன். வளவனூர் தாண்டியதும் மெதுவாக, "எங்க தெரு முனையில ஒருத்தி இருக்கா. அவ கண்ணு பட்டா பச்சை மரம் பட்டுப்பூடும். அவ வந்து ஆட்டைத் தடவிட்டுப் போன மறுநாளுதான் மொத ஆடு படுத்துச்சு" என்றாள். அப்படியெல்லாம் இருக்காது என்று நான் சொன்னேன். சொல்லும்போதே, என் காரணமும் அதைவிட உறுதியாக நிற்கவில்லை என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பாண்டிச்சேரியில் வேறு பஸ் மாறி, கோட்டக்குப்பம் கடந்து இறங்கி, மணலில் நடந்தோம். துத்தக் கம்பெனி என்று ஊர் சொன்னது ஒரு தகரக் கொட்டகை. பழைய செம்புக் கம்பிகளையும் தகடுகளையும் அமிலத்தில் கரைத்து, காய்ச்சி, மயில்துத்தம் எடுத்தார்கள். மல்லாட்டைக் கொல்லைக்கு மருந்தாக அது சுற்று வட்டாரம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. தொட்டி கழுவிய தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலில் ஓடிக் கடலில் விழுந்தது. வாய்க்கால் தேங்கிய இடங்களில் வெளிர்நீலம் தெரிந்தது.

அலை மணலை அரிக்காமல் இருக்க, வாய்க்கால் வாயில் கருங்கல் கொட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கற்களைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். அத்தனை கல்லும் பாசி. மெல்லிய, குழல் குழலான பச்சை நூல்கள். அலை வரும்போது விரிந்து, போகும்போது கல்லோடு படிந்துகொண்டன. நாற்றங்கால்கூட அந்தப் பச்சையில் இருக்காது. நீலத் தண்ணீர் நேரே அதன் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

கொட்டகையிலிருந்து முதலாளி வெளியே வந்தார். நடுத்தர வயது, மரியாதையான மனிதர். நாற்காலி கொண்டுவரச் சொல்லி, சோடா வாங்கி வரச் சொல்லி, விஷயத்தை முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை.

"டீச்சரம்மா, உங்களுக்குத் தெரியாதது இல்ல. துத்தம் போட்டா பாசி சாவுமா, சாவாதா?"

"சாகும்."

"கொளத்துல பாசி புடிச்சா எங்கிட்டதான் வந்து துத்தம் வாங்கிக்கினு போறாங்க. என் தண்ணியில வெசம் இருந்தா இந்தப் பாசிதானே மொதல்ல சாவணும்? எப்பிடி வளந்திருக்குது பாருங்க!"

நான் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது என் பாடம். என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய வாக்கியம். நாத்தனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பாசி எடுத்துக்கினு போறேங்க" என்றேன்.

"தாராளமா எடுத்துக்குங்க. உங்களுக்கு இன்னா தெரியுதுன்னு எனக்கும் சொல்லுங்க. ஆடு செத்தா எனக்கு மட்டும் நல்லாவா இருக்குது?"

டிபன் கேரியரின் ஒரு அடுக்கில் பாசியை அள்ளிக் கடல் தண்ணீர் ஊற்றி மூடினேன். நாத்தனார் வீட்டில் அன்று மூன்றாவது ஆடும் செத்திருந்தது. கொல்லையில் அதைப் புதைத்துவிட்டு அவள் புருஷன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மிச்சம் மூன்று ஆடுகள் இருந்தன. நான் காரணம் சொல்லத் தெரியாமலே, "பாசிப் பக்கம் விடாதே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் தலையாட்டினாள். "ஏன் அண்ணி?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

விடுமுறையில் பள்ளி லேப் சாவி வாங்க, திண்டிவனத்தில் தலைமையாசிரியை வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்காகவா என்று இரண்டு முறை கேட்டார்கள். சாவியைக் கொடுத்தார்கள்.

பாசியை நல்ல தண்ணீரில் அலசி, காய வைத்து, பீங்கான் கிண்ணத்தில் எரித்துச் சாம்பலாக்கினேன். சாம்பலை அமிலத்தில் கரைத்து வடிகட்டி, அம்மோனியா விட்டேன். செம்பு இருந்தால் நீலம் காட்டும். பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை செய்து காட்டிய சோதனைதான். குழாயில் துளித் துளியாக விட்டேன். முதலில் கலங்கியது. பிறகு தெளிந்து, ஊதா கலந்த ஆழ்ந்த நீலம் எழுந்தது. வகுப்பில் துத்தக் கரைசலையே வைத்துச் செய்யும்போது வரும் நீலத்துக்கு அது ரொம்பக் குறைவில்லை.

ஆட்டைக் கொன்றது எது என்று தெரிந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கு முன்பைவிட அதிகமாகக் குழம்பியது. இவ்வளவு செம்பைச் சுமந்துகொண்டு ஒரு செடி எப்படி உயிரோடு, அதுவும் அத்தனை பச்சையாக இருக்கிறது? தொட்டிப் பாசி இதில் நூற்றில் ஒரு பங்குக்குச் செத்துப்போகுமே.

மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் செம்புதானோ என்று நினைத்து, எரிக்காத பாசியை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினேன். கழுவிய தண்ணீரில் நீலம் வரவில்லை. பிறகு மிகவும் நீர்த்த அமிலத்தில் சிறிது நேரம் ஊற வைத்தேன். அதில் நன்றாக வந்தது. தண்ணீருக்கு விடாததை அமிலத்துக்கு விட்டுக்கொடுத்தது. ஊறிய பாசியை எரித்துப் பார்த்தேன். அதிலும் மங்கலாக நீலம் இருந்தது. பெரும்பகுதி எங்கோ வெளிப்புறத்தில், கொஞ்சம் உள்ளே. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் பாசஞ்சரில் விழுப்புரம் திரும்பி, சாப்பாடு போட்டுக்கொண்டே கணவரிடம் சொன்னேன். அவர் ரசத்தைக் கலந்துகொண்டே கேட்டார்.

"எங்க ஷெட்டுல என்ஜினுக்குத் தண்ணி புடிக்கிறாங்க இல்ல, அந்த மாதிரியா?"

"எந்த மாதிரி?"

"கெணத்துத் தண்ணியில சுண்ணாம்பு. அப்பிடியே ஊத்தினா பாய்லர் பேஜாரு. அதனால ஒரு பெரிய தொட்டியில மணல் மாதிரி ஒண்ணை நெரப்பி, அது வழியா தண்ணியை வுடுவாங்க. சுண்ணாம்பை அது புடிச்சிக்கும். தண்ணி உள்ள போயிடும். அது நெறைஞ்சிட்டா, உப்புத் தண்ணி போட்டுக் கழுவுவாங்க. சும்மா தண்ணியில கழுவினா போவாது. எனக்கு எப்பிடின்னெல்லாம் தெரியாது. உப்பு மூட்டைக்கு பில் போடுறது நான்தானே, அதனால தெரியும்."

நான் சாதக் கரண்டியைப் பிடித்தபடி யோசித்தேன். பாசியின் ஒவ்வொரு உயிரணுவுக்கும் சுவர் உண்டு. கடல்பாசியின் சுவர் வழவழப்பானது. தண்ணீரிலிருந்து சிலதைப் பிடித்துக்கொள்ளக்கூடியது. வருகிற செம்பை வாசலிலேயே கட்டிப்போட்டுவிட்டு, உள்ளே தன் வேலையைப் பார்க்கிறதோ? அப்படியானால் எல்லாக் கடல்பாசியும் இப்படித் தப்பிக்க வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க முடியும்.

மறுபடியும் போனேன். இம்முறை என் கணவரும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்தார். துத்தக் கம்பெனியிலிருந்து வெகுதூரம் வடக்கே, மீன்காரர்கள் கட்டுமரம் ஏற்றும் இடத்தைத் தாண்டி, அதே மாதிரி கற்கள் கிடந்தன. அதே பாசி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு இடத்துப் பாசியையும் தனித்தனியாக எடுத்து, மண்குடங்களில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு விழுப்புரம் வந்து, திண்டிவனத்துக்கு ரயில் ஏறினோம். வண்டியில் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், ராமேஸ்வரத்துத் தீர்த்தமா என்று கேட்டார். என் கணவர் கொஞ்சமும் யோசிக்காமல் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார். அவர் இரு கையும் நீட்டியபோதுதான் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் கொஞ்சம் ஊற்றினேன். வாயில் விட்டுக்கொண்டவர் முகம் போன போக்கைப் பார்த்து, திண்டிவனம் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

முதல் தடவை எல்லாமே வீணாய்ப் போயிற்று. லேப் ஜன்னலில் ஜாடிகளை வரிசையாக வைத்து, சிலதில் மட்டும் துளி துத்தம் விட்டேன். வெயிலில் தண்ணீர் சுட்டு, துத்தம் விடாத ஜாடியும் சேர்ந்து எல்லாப் பாசியும் அழுகி நாறிற்று. தலைமையாசிரியை மூக்கை மூடிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து எனக்குத் தெரிந்தது, கடல்பாசி வெந்நீரில் வாழாது என்பது மட்டுமே.

திரும்பக் கொண்டுவந்து, இந்த முறை ஜாடிகளை ஈரமணல் தட்டில் நிழலாக வைத்தேன். வடக்குக் கல் பாசி ஒரு வரிசை, கம்பெனிக் கல் பாசி ஒரு வரிசை. இரண்டு வரிசைக்கும் ஒரே அளவு துத்தம். தினமும் போய்ப் பார்த்தேன். வடக்குப் பாசி முதலில் நுனியில் வெளுத்தது. பிறகு முழுவதும் வெளுத்து, தொட்டால் கரைந்தது. கம்பெனிப் பாசி அப்படியே பச்சையாக மிதந்தது. துத்தம் விடாத ஜாடிகளில் இரண்டுமே நன்றாக இருந்தன.

ஒரே பாசி. ஒரே கடல். ஒன்று செத்தது, ஒன்று பிழைத்தது. சுவர்தான் காப்பாற்றுகிறது என்றால் இரண்டுக்கும் சுவர் இருக்கிறதே? கம்பெனிப் பாசிக்கு மட்டும் யார் கற்றுக்கொடுத்தது? கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகியதா, அல்லது ஆரம்பத்தில் வந்து விழுந்த ஆயிரம் வித்துகளில் தொள்ளாயிரத்துச் சொச்சம் செத்து, தாங்கிய ஒன்றிரண்டின் பிள்ளைகள்தாம் அந்தக் கல்லை முழுக்க மூடிக்கொண்டனவா? அப்படியானால் நான் பார்த்த பச்சை, தண்ணீர் நன்றாக இருப்பதற்கு அடையாளம் அல்ல. எத்தனையோ செத்ததற்கு அடையாளம். இப்படி நினைத்ததும் பளிச்சென்று இருந்தது. அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்தது. இரண்டு வரிசை ஜாடியை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்ல நான் யார்?

அந்த ஜாடிகளில் நாலைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் போனேன். சாம்பல் கரைசலின் நீலத்தையும் ஒரு சின்ன சீசாவில் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, ஒரு பாசி சாவுது, ஒரு பாசி பொழைக்குது. நான் எதை நம்புறது?"

"ரெண்டையும் நம்புங்க. உங்க பாசி செம்பைத் தின்னுட்டுச் சாகாம இருக்குது. அதைத் தின்னுற ஆடு செத்துடுது."

"பாசிக்குச் சாவு இல்ல, ஆட்டுக்கு மட்டும் சாவா?"

"பாசி செம்பை எங்க வச்சிருக்குதோ அங்கேயே வச்சிக்குது. ஆட்டு வயித்துக்குள்ள போனா அமிலத்துல அது வெளியே வந்துடுது. அப்படித்தான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, தெரியுமா?"

"நெனைக்கிறேன்."

அவர் சிரித்தார். ஏளனமாக இல்லை. அந்த நீல சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்மாஞ் செம்பா என் சாக்கடையில போவுது?" என்றார். அந்த இடத்தில்தான் விஷயம் திரும்பியது. செம்புத் தண்ணீரில் பழைய இரும்பைப் போட்டால் இரும்பு கரைந்து செம்பு படியும் என்பதை அவருக்குச் சொன்னேன். ஆணியைத் துத்தத்தில் போட்டுக் காட்டும் எட்டாம் வகுப்புச் சோதனை. அவருக்கே அது தெரிந்துதான் இருந்தது. வாய்க்காலில் போடலாம் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். காயலாங்கடையிலிருந்து தகரமும் உடைந்த இரும்பும் வாங்கி, வாய்க்கால் நடுவே ஒரு குழி வெட்டி நிரப்பினார். அதைத் தாண்டி இன்னொரு குழியில், மிச்சச் செம்பைப் படியவைக்க, சுண்ணாம்பு கொட்டினார். என் நாத்தனார் தன் மூன்று ஆடுகளையும் தோப்புக்குள்ளேயே கட்டிப்போட்டுத் தீவனம் காட்டினாள். அதில் ஒன்று கொஞ்ச நாள் சோர்ந்து கிடந்து எழுந்தது. மூன்றும் பிழைத்தன.

கதை அங்கே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மறு வருஷம் பொங்கல் கழிந்து நாத்தனார் சொல்லி அனுப்பினாள், ஜல்தியாக வரச் சொல்லி. போனேன். கற்களின் மேல் அவளும் முதலாளியும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பாருங்க டீச்சரம்மா," என்றார் முதலாளி. அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "நீங்க சொன்னதை எல்லாம் செஞ்சேன். தண்ணியில நீலமே இல்ல. ஆனா பாசி பூடுச்சு. வெசம் இருந்தப்போ பச்சையா இருந்துச்சு. சுத்தம் பண்ணதும் மொட்டைக் கல்லாப் போச்சு. இதுக்கு இன்னா சொல்றீங்க?"

கற்கள் பாதிக்கு மேல் வெறுமையாக, அங்கங்கே கிழிந்த பாய் மாதிரி பாசி ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். இடுக்குகளில் விரல்நுனி அளவுக் கடல் நத்தைகள். ஒன்று இரண்டு அல்ல, கொத்துக் கொத்தாக. ஒன்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கவனித்தேன். அவை போன வழியெல்லாம் கல் சுத்தமாக இருந்தது.

"இந்த நத்தை முன்னாடி இருந்துச்சா?" என்று நாத்தனாரிடம் கேட்டேன்.

அவள் யோசித்தாள். "நான் கல்யாணமாகி வந்தப்போ இருந்துச்சு. கால்ல குத்தும். அப்புறம் கம்பெனி வந்தது... நடுவுல இருந்துச்சா இல்லியான்னு தெரியலியே அண்ணி. யாரு பாத்தா?"

நானும் பார்க்கவில்லை. பச்சையைப் பார்த்து வியந்துகொண்டே, பச்சையைத் தவிர வேறு எதுவும் அங்கே இல்லை என்பதைக் கவனிக்கத் தோன்றவில்லை. பாசியைத் தின்பவை செம்பு தாங்காமல் போய்விட்டதால்தான் பாசி அப்படி மண்டியதோ? இப்போது அவை திரும்பியதால் குறைகிறதோ? அப்படியானால் இந்த மொட்டைக் கல்தான் நல்ல செய்தி. அதை முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"வெசத்துக்கு அடையாளம் பச்சை. சுத்தத்துக்கு அடையாளம் மொட்டை. அப்பிடித்தானே?"

"எல்லா இடத்திலயும் அப்படின்னு சொல்ல முடியாது. இங்க அப்படி இருக்கலாம்."

"நீங்க வந்துட்டுப் போனா எனக்குத் தலை சுத்துது டீச்சரம்மா," என்றார். ஆனால் குழிகளை மூடவில்லை. இரும்பில் படிந்த செம்பைச் சுரண்டி எடுப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

மிச்சமிருந்த பாசியில் கொஞ்சம் எடுத்துவந்து எரித்துப் பார்த்தேன். வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு நீலம் இருந்தது. அடுத்த முறை போனபோது நாத்தனார் நேராகக் கேட்டாள்.

"அப்போ ஆட்டை வுடலாமா?"

"செம்பு கொஞ்சம்தான் இருக்குது."

"கொஞ்சம்னா சாவுமா, சாவாதா?"

"அது எனக்குத் தெரியலம்மா. நத்தை தின்னுது, சாகலை. ஆனா நத்தை வேற, செம்மறி வேற."

அவள் எழுந்து, கொல்லையில் குவித்திருந்த சவுக்கு மிளாறுக் கம்புகளில் நீளமானவற்றைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"உங்களுக்குத் தெரியுறப்போ தெரியட்டும். இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் புடிங்க அண்ணி" என்றாள்.

நான் மிளாறைப் பிடித்துக்கொண்டேன். அவள் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே குழி தோண்டி ஒவ்வொன்றாக ஊன்றி, தென்னங்கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டே போனாள். வெயில் சாய்வதற்குள் வேலி முடிந்துவிட்டது.